கான்டெஸாவுக்கு இன்னோவா செருப்பு

இன்னைக்குக் கொஞ்சம் சூடா எழுதப்போறேன். பொறுத்துக்கோங்க மக்களே. வழக்கமா வர்ற சினிமா மொக்கை, மெஸ் மொக்கை எல்லாம் அடுத்த வாரம்.

போன மாசம் எங்க பெரியப்பா மகன் (எனக்கு அண்ணன் முறை, பேரு போட்டா அடிக்க வருவாரு) அவரோட கான்டெஸாவை எடுத்துக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாரு. 1993 மாடல், 1.8 பெட்ரோல். நத்தம் ரோடு. முன் சீட்டுல நான். பின்னாடி பெரியப்பா, பெரியம்மா, அண்ணி, அண்ணி மடியில ஆறு வயசுப் பொண்ணு. டிக்கியில சீர்வரிசைப் பித்தளைப் பாத்திரம் ரெண்டு மூட்டை.

ஊமச்சிகுளம் தாண்டி ஒரு ஊர். ரோட்டுக்கு நடுவுல வெள்ளைக்கோடு கூட இல்லாம ஒரு வேகத்தடை. நம்ம ஊர்ல அது புதுசில்லையே. அண்ணன் பாத்து பிரேக் அடிச்சாரு, முழுசா குறையல. முன் சக்கரம் ஏறி எறங்குச்சு. பின் சக்கரம் ஏறி எறங்கும்போது 'டமார்'னு ஒரு சத்தம். வண்டி இடது பக்கமா இழுத்துக்கிட்டே போயி ரோட்டை விட்டு எறங்கி, ஒரு புளியமரத்துக்கு ரெண்டடி முன்னாடி நின்னுச்சு. பெரியம்மா "அழகரே"ன்னு கத்துனது இன்னும் காதுல கேக்குது. பொண்ணு அழக்கூட இல்ல. கண்ணை முழிச்சுப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அதைத்தான் என்னால மறக்க முடியல.

எறங்கிப் பாத்தா, இடது பின் டயரோட பக்கச்சுவர்ல ஒரு விரக்கடை நீளத்துக்கு வெட்டு. அது மட்டுமில்ல, அந்த வெட்டுக்கு மேலயும் கீழயும் டயரைச் சுத்தி வட்டமா ஒரு பழைய சிராய்ப்பு. மட்கார்டோட உள்மடிப்பைத் தடவிப் பாத்தேன். தொடர்ந்து உரசி உரசி அருவாமனை மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அதாவது வண்டி ரெண்டு மூணு மாசமா அந்த டயரைக் கொஞ்சங்கொஞ்சமா அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. அன்னைக்கு அஞ்சு பெரியவங்களும் பித்தளைப் பாத்திரமும் சேர்ந்து ஏறின உடனே வேலை முடிஞ்சிருச்சு.

வேலை செஞ்சு குடுத்த பட்டறையில கேட்டா என்ன சொன்னாய்ங்க தெரியுமா? "டயர் சரியில்லண்ணே, வேற கம்பெனி போட்டுருவோம்." அண்ணனும் தலையாட்டிட்டு வந்துட்டாரு. அதனாலதான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கான்டெஸாவை 'இந்தியாவோட மசில் கார்'னு சொல்றது இப்ப ஒரு பேஷன். நீளமான மூக்கு, பின் சக்கர இழுவை, பெட்டி மாதிரி உடம்பு. பாக்க அமெரிக்க வண்டி சாயல் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது அமெரிக்க வண்டி இல்லீங்க. இங்கிலாந்துல வாக்ஸ்ஹால் கம்பெனி 1970கள்ல விட்ட விக்டர் எஃப்.இ. மாடலோட உடம்பு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை வாங்கிட்டு வந்து உத்தர்பாராவுல 1984 வாக்குல இருந்து செஞ்சு வித்தாய்ங்க. முதல்ல அதுல இருந்தது அம்பாசடர்ல இருந்த அதே பழைய 1.5 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். அப்புறம் வந்ததுதான் இசுஸூவோட 1.8 லிட்டர். அது 88 குதிரைத்திறன்.

இப்ப உண்மையான மசில் காரைப் பாருங்க. அந்தப் பரம்பரையை ஆரம்பிச்சு வச்சதா சொல்லப்படுற 1964 போன்டியாக் ஜி.டி.ஓ.வுல 6.4 லிட்டர் வி8 எஞ்சின், கம்பெனிக் கணக்குப்படி 325 குதிரைத்திறன். அந்த மாதிரி வண்டியில ஆக்ஸிலேட்டரை மிதிச்சா பின் டயர் நின்ன இடத்துலயே சுத்திப் புகையும். அந்தச் சக்தியைத் தரையில எறக்க டயர் பத்தல. கால் மைல் ஓட்டப் பந்தயத்துக்குப் போனவன் அதனாலதான் பின்னாடி மட்டும் அகல டயர் போட்டான். அங்க ஒரு பிரச்சினை இருந்துச்சு, அதுக்கு ஒரு தீர்வு.

நம்ம கான்டெஸா நின்ன இடத்துல டயர் சுத்தி என்னைக்காவது பாத்திருக்கீங்களா? நத்தம் ரோட்டு மேம்பாலத்துல ஆளு நெறைய ஏத்திக்கிட்டு ஏறும்போது மூணாவது கியருக்கு மாத்தணுமான்னு யோசிக்கிற வண்டிங்க அது. இல்லாத நோய்க்கு ஆபரேஷன் பண்ணினா நோயாளிக்கு என்ன ஆகும்? அதான் ஆச்சு.

கணக்குப் போட்டுப் பாத்துருவோம். (மெக்கானிக்கல் படிச்சிட்டு கம்ப்யூட்டர்ல கோடு தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். இந்த மாதிரி நேரத்துலதான் அந்த டிகிரிக்கு ஒரு மரியாதை கிடைக்குது :-))

அண்ணன் வாங்கும்போது வண்டியில இருந்த டயர் 175/70 ஆர்13. அதாவது அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 70 சதவீதம், ரிம் 13 இஞ்சு. மொத்த விட்டம் 575 மி.மீ. பட்டறையில பின்னாடி ரெண்டுக்கு மட்டும் 15 இஞ்சு அலாய் வீல் மாட்டி 205/65 ஆர்15 போட்டாய்ங்க. இன்னோவாவுக்கு வர்ற சைஸ், எந்தக் கடையிலயும் கிடைக்கும். அதோட விட்டம் 647 மி.மீ. வித்தியாசம் 72 மி.மீ., 12.6 சதவீதம்.

'கொஞ்சம்தானே'ன்னு நினைக்கிறவங்களுக்காக இதுனால என்னென்ன ஆகுதுன்னு வரிசையா சொல்றேன்.

ஒண்ணு. கான்டெஸாவுல ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருது. பின் சக்கரம் பெருசானா அதுக்குத் தெரியாது. முள்ளு 80 காட்டும்போது வண்டி 90ல போகுது. அன்னைக்கு வேகத்தடைக்கு முன்னாடி அண்ணன் '50தான் போனேன்'னு சத்தியம் பண்றாரு. அவரு பொய் சொல்லல. மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கு. நெசம் 56.

ரெண்டு. சக்கரம் பெருசானா அதே எஞ்சின், அதே கியர்ல தரையில கிடைக்கிற இழுவை குறையும். கணக்குப் போட்டா 11 சதவீதம் குறைவு. அதாவது மசில் ஏத்தப் போயி இருந்த மசில்லயும் பத்துல ஒரு பங்குக்கு மேல கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்காரு, காசும் குடுத்து. பின் டிரம் பிரேக்குக்கும் இதே கதிதான். அதே மிதிக்கு 11 சதவீதம் பிடி கம்மி. அன்னைக்கு பிரேக் அடிச்சும் வேகம் முழுசா குறையாததுக்கு இதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

மூணு, இதுதான் எனக்குச் சிரிப்பாவும் அழுகையாவும் வர்றது. வண்டியை ரெண்டு இஞ்சு, அதாவது 50 மி.மீ. எறக்கியிருக்காய்ங்க. ஆனா பின் டயரோட ஆரம் 36 மி.மீ. கூடியிருச்சு. அப்ப தரையில இருந்து பாத்தா வண்டியோட பின்பக்கம் நெசமா எறங்குனது வெறும் 14 மி.மீ. ஒரு தீப்பெட்டி கனம்! முன்பக்கம் மட்டும் முழுசா 50 எறங்கிருச்சு. வண்டி மூக்கு குனிஞ்சு மாடு தண்ணி குடிக்கிற மாதிரி நிக்குது. அப்படிக் குனிஞ்சா முன் சக்கரத்தோட காஸ்டர் கோணம் சுமார் முக்கால் டிகிரி குறையும். திருப்பத்துக்கு அப்புறம் ஸ்டியரிங் தானா நேருக்கு வர்ற அந்தக் குணத்தைக் குடுக்கிறதே காஸ்டர்தான்.

நாலு, உசுரு போற விஷயம். டயருக்கும் மட்கார்டு மடிப்புக்கும் நடுவுல இருக்கிற இடம். வண்டியை எறக்கினதுல 50 போச்சு. டயர் பெருசானதுல 36 போச்சு. மொத்தம் 86 மி.மீ. காலி. முதல்ல 110 இருந்துச்சுன்னே வைங்க, இப்ப மிச்சம் 24. ஒரு விரல் நுழையுற இடம். பின் சீட்டுல மூணு பேர் உக்காந்தாலே அதுவும் போயிரும்.

இதுல இன்னொரு கூத்து. அகலம் 30 மி.மீ. கூடினா, ரிம்மோட ஆஃப்செட் சரியா இருந்தா உள்ள 15, வெளிய 15ன்னு பிரிஞ்சுக்கும். ஆனா உள்பக்கம் உரசுதுன்னு 25 மி.மீ. ஸ்பேசர் ஒண்ணைச் சொருகி வெளிய தள்ளியிருக்காய்ங்க. அப்ப டயர் 40 மி.மீ. வெளிய வந்து நேரா மட்கார்டு மடிப்புக்குக் கீழ நிக்குது. சக்கரம் வெளிய போகப் போக பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் ஏறுற சுமை வேற.

அஞ்சு. பின்னாடி மட்டும் அகல டயர் போட்டா காய்ஞ்ச ரோட்டுல பின்பக்கப் பிடி கூடும், முன்பக்கம் பழைய 175லயே நிக்கும். அப்ப வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்பினா முன் சக்கரம்தான் முதல்ல விட்டுக்குடுக்கும். வண்டி வளையாம நேராப் போகப் பாக்கும். இது காய்ஞ்ச ரோட்டுக் கதை. ஐப்பசி கார்த்திகையில தேனி ரோட்டுலயோ மேலூர் பக்கமோ வயக்காட்டுத் தண்ணி ரோட்டுல நிக்குமே, அப்ப கதையே வேற. டயர் தரையில படுற பரப்பு அகலமாவும் நீளம் கம்மியாவும் மாறிருது. தண்ணியை ஒதுக்குற வேலை கஷ்டமாகி, ஒல்லி டயரை விடக் குறைஞ்ச வேகத்துலயே மிதக்க ஆரம்பிச்சிரும். அப்ப முதல்ல விடுறது பின்பக்கம். ஒரே வண்டி, வெயிலுக்கு ஒரு குணம், மழைக்கு நேர் எதிர் குணம். ஓட்டுறவன் எதைப் பழகுவான்?

இனி எறக்குன கதை. ஸ்பிரிங்கை கேஸ் கட்டர் வச்சு ஒரு சுத்து வெட்டுறது நம்ம ஊர் முறை. எட்டு சுத்து இருக்கிற ஸ்பிரிங்குல ஒண்ணை வெட்டினா விறைப்பு 14 சதவீதம் கூடும். அது கூடப் பரவாயில்ல. கட்டரோட சூடு ஸ்பிரிங் எஃகோட பதத்தைக் கெடுத்துரும். அருவாளைத் தீயில போட்டு அப்படியே ஆறவிட்டா முனை மழுங்குமில்ல, அதே கதை. சூடுபட்ட இடம் நாளாக நாளாக உக்காந்துக்கிட்டே வரும். இன்னைக்கு மிச்சமிருக்கிற 24 மி.மீ. ஆறு மாசத்துல 15 ஆகும். யாரும் அளந்து பாக்கப் போறதில்ல. ஷாக்அப்சர் மட்டும் பழைய நீளத்துலயே இருக்கும். பள்ளத்துல சக்கரம் முழுசாத் தொங்கினா குட்டை ஸ்பிரிங் அதோட இடத்தை விட்டு நழுவுறதும் உண்டு.

இதையெல்லாம் சொன்னா மூணு பதில் ரெடியா வரும்.

முதல் பதில்: "அமெரிக்காவுல பண்றாய்ங்கல்ல?" பண்றாய்ங்கதான். எப்படிப் பண்றாய்ங்கன்னு பாத்தீங்களா மாப்ளே? டயரை வெளிய தள்ள மாட்டான். உள்பக்கச் சக்கர அறையை வெட்டி உள்நோக்கி அகலப்படுத்துவான். தேவைப்பட்டா பின் அச்சையே குட்டையாக்குவான். எல்லாத்துக்கும் முன்னாடி ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, சக்கரத்தை மாட்டி, ஜாக்கி வச்சு அச்சைத் தடுப்பு ரப்பர் வரைக்கும் தூக்கி அளப்பான். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு தடவை, ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஒரு தடவை. ஏன்னா பின்னாடி ஒரே துண்டு அச்சு. ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்கினா இன்னொரு சக்கரம் சாய்ஞ்சுக்கிட்டு மேல ஏறும், உரசுறது அப்பதான். நம்மாளு படத்தைப் பாத்தான், அளவு நாடாவைப் பாக்கல.

ரெண்டாவது பதில்: "நாங்களும் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலியே." அண்ணனும் மூணு மாசம் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. தனியா டீக்கடைக்கும் தெப்பக்குளத்துக்கும் ஓட்டினா ஒண்ணும் ஆகாது. வண்டியோட பரீட்சை குலதெய்வம் கோயிலுக்கு மொத்தக் குடும்பமும் கிளம்புற அன்னைக்குத்தான். அதாவது யாரை ஏத்திக்கிட்டுப் போறப்போ எதுவும் ஆகக்கூடாதோ, அன்னைக்குத்தான் ஆகும். இந்த ஒரு வரியை மட்டும் படிச்சிட்டுப் போனாக்கூட எனக்குப் போதும்.

மூணாவது பதில்: "லுக்குக்காகப் போட்டோம், உனக்கென்ன?" இதுதான் நேர்மையான பதில், மதிக்கிறேன். அழகுக்காகச் செலவு பண்றது தப்பே இல்ல. நானும் மட்கார்டு முழுக்க டயர் நெறஞ்சு நிக்கிறதைப் பாத்து வாயைப் பொளந்தவன்தான். ஆனா அழகுக்குப் பண்ணினதை 'பெர்பார்மன்ஸ்'னு சொல்லி விக்காதீங்க. ரீல்ஸ் போட்டு, 'கிரிப்பு சும்மா பிச்சுக்கும்'னு காலேஜ் பசங்களுக்குச் சொல்லாதீங்க. அழகுக்குன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி ஒழுங்கா அளந்து பண்ணலாம்.

ஆமா, ஒழுங்காப் பண்ண வழி இருக்கு. நான் மாத்தவே கூடாதுன்னு சொல்ற ஆசாரக் கூட்டம் இல்ல. கவர் போட்டு மூடி வச்சு, வருஷம் ஒரு தடவை கண்காட்சிக்கு லாரியில ஏத்திட்டுப் போறவங்களைப் பாத்தாலும் எனக்கு எரிச்சல்தான். வண்டி ஓடத்தான். அதே கான்டெஸாவுக்கு 14 இஞ்சு ரிம்முல 185/60 ஆர்14 நாலு சக்கரத்துக்கும் போட்டுப் பாருங்க. விட்டம் 577 மி.மீ. வித்தியாசம் ரெண்டு மி.மீ.தான். மீட்டர் பொய் சொல்லாது, இழுவை குறையாது, நாலு மூலையிலயும் பிடி ஒரே மாதிரி கூடும். பக்கச்சுவர் குட்டையானதால வளைவுல ஆட்டம் குறையும். போல்ட் துளை வட்டமும் ஆஃப்செட்டும் பொருந்துதான்னு பாருங்க. அச்சைத் தூக்கி அளங்க. டிக்கியில நாலு மூட்டை அரிசியை ஏத்தி ஒரு வேகத்தடையில மெதுவா ஏறி எறங்கி, மட்கார்டு மடிப்புல தடவின சாக்பீஸ் டயர்ல ஒட்டுதான்னு பாருங்க. பத்து ரூபா சாக்பீஸ், அரை மணி நேரம். அதைப் பண்ணாமத்தான் ஆறு உசுரு புளியமரம் வரைக்கும் போச்சு.

சட்டத்தையும் சொல்லிர்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் குடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்திருச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா ரெண்டும். கான்டெஸா தயாரிப்பு நின்னது 2002ல. அப்ப எல்லா வண்டியுமே 20 வருஷம் தாண்டினது, ஆர்.சி. புதுப்பிக்க அப்பப்ப ஆர்.டி.ஓ. முன்னாடி போய் நிக்கணும். அன்னைக்கு மட்டும் பழைய டயரை மாட்டிட்டுப் போற வித்தை எல்லாருக்கும் தெரியும். ஆனா அறுத்த மட்கார்டைத் திரும்ப ஒட்ட முடியுமா?

நான் கடைசியா சொல்ல வந்தது அதுதான். இப்ப உரசுதுன்ன உடனே பட்டறையில அடுத்த யோசனை என்ன தெரியுமா? "மட்கார்டு மடிப்பை அறுத்து எடுத்துருவோம்ணே, அப்புறம் உரசாது." உத்தர்பாரா ஆலை 2014ல மூடியாச்சு. கான்டெஸாங்கிற பேரையே 2022ல இன்னொரு கம்பெனிக்குக் குடுத்தாச்சு. புது மட்கார்டு எங்க இருந்து வரும்? டிங்கர் வேலை பாக்குற பெரியவங்க தகரத்தைத் தட்டிச் செஞ்சு குடுப்பாங்க, அதுவும் அவங்க இருக்கிற வரைக்கும்தான்.

2021ல மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டு வந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், அசல் உருவத்துல இருக்கணும், சேஸிஸிலயும் உடம்புக்கூட்டிலயும் எஞ்சின்லயும் கை வச்சிருக்கக் கூடாது. அண்ணனோட வண்டிக்கு 2043ல 50 வயசு. டயரை மாத்தினா பழைய டயரைத் திரும்ப மாட்டிக்கலாம், ஸ்பிரிங்கைத் தேடி வாங்கிக்கலாம். உடம்பை அறுத்துட்டா அது அறுத்ததுதான். இருபது வயசு தாண்டி அந்தப் பொண்ணு ஓட்டிட்டுப் போக வேண்டிய வண்டியை, இன்னைக்கு ஒரு ரீல்ஸுக்காக அறுக்கணுமா?

இதை நேர்லயும் அண்ணன்கிட்ட சொன்னேன். "நீ கம்ப்யூட்டரைத் தட்டுறவன், உனக்கென்னடா தெரியும்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆனா அண்ணி ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க: "அந்த டயர் இருக்கிற வரைக்கும் என் பொண்ணு அந்த வண்டியில ஏற மாட்டா." மூணு வாரமா வண்டி செட்டுல நிக்குது. நேத்து ராத்திரி அண்ணன் போன் பண்ணி, "டே, நீ சொன்ன அந்த 14 இஞ்சு சைஸை எழுதி அனுப்பு, சும்மா பாக்கத்தான்"னாரு.

அனுப்பிட்டேன். கூடவே ஒரு டப்பா சாக்பீஸும் வாங்கி வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை கொண்டுபோய்க் குடுக்க.

டிஸ்கி: மேல போட்டிருக்கிற கணக்கெல்லாம் எங்க அண்ணன் வண்டியில இருந்த சைஸுக்கு. உங்க வண்டியில வேற சைஸ் இருக்கலாம். டயர் ஓரத்துலயே எழுதியிருக்கும், அஞ்சு நிமிஷம் செலவழிச்சு நீங்களே போட்டுப் பாருங்க. பட்டறையில கேட்டுப் போடாதீங்க, போட்டுட்டு பட்டறைக்குப் போங்க.